பகல் 2:00 மணிக்கு மூடப்படும் ஆறு!

பள்ளிக்கு நேரம் உண்டு. கடைக்கு நேரம் உண்டு. நூலகத்துக்கும் நேரம் உண்டு. ஆற்றுக்கு நேரம் உண்டா, குட்டீஸ்?

'மணி இரண்டாகி விட்டது. எல்லாரும் தூண்டிலைச் சுருட்டிக் கொண்டு கிளம்புங்கள். இனி நாளைக்குத்தான்!' என்று ஆற்றங்கரையில் அறிவிப்பு வைத்தால் எப்படி இருக்கும்? சிரிப்பு வருகிறதா? அமெரிக்காவில் உள்ள மான்டானா மாநிலத்தில் கோடைக் காலம் வந்தால் இது உண்மையாகவே நடக்கும். அங்குள்ளவர்களும் முணுமுணுக்காமல் கிளம்பிப் போவர். ஏன் தெரியுமா? அதைத் தெரிந்து கொள்ள, முதலில் அந்த ஆற்றையும், அங்கே மீன் பிடிக்கும் விசித்திரமான முறையையும் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள்!

வெந்நீரில் பிறக்கும் ஆறு

ஆற்றின் பெயர் மேடிசன். எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கிப்பன், ஃபயர்ஹோல் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் இது பிறக்கிறது. பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர் பீறிட்டு அடிக்கும் 'ஓல்டு ஃபெய்த்ஃபுல்' ஊற்றைப் பற்றிப் படித்திருப்பீர்களே? அது ஃபயர்ஹோல் ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. அந்த வட்டாரத்து வெந்நீர் ஊற்றுகள் பலவற்றின் தண்ணீர் ஃபயர்ஹோலில் கலக்கிறது. அதனால், பூங்காவுக்குள் ஓடும்போதே மேடிசன் கொஞ்சம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து கிளம்பி, மலைகளுக்கு நடுவே வடக்கு நோக்கி ஓடி, 'த்ரீ ஃபோர்க்ஸ்' என்னும் ஊர் அருகே ஜெஃபர்சன், காலட்டின் என்ற இரண்டு ஆறுகளோடு கை கோத்துக் கொள்கிறது. மூன்றும் சேர்ந்ததும் பெயர் மாறி விடுகிறது. என்ன பெயர் தெரியுமா? மிசௌரி! ஆம், உங்கள் உலக வரைபடத்தில் இருக்கும் அதே பெரிய மிசௌரி ஆறுதான்.

மேடிசனுக்கு ஒரு பயங்கரக் கதையும் உண்டு. 1959, ஆகஸ்ட் 17ம் தேதி, நள்ளிரவு நெருங்கும் நேரம். பெரும் நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டது. மலையின் ஒரு பக்கமே சரிந்து ஆற்றின் குறுக்கே விழுந்தது. கரையோரம் கூடாரம் போட்டுத் தூங்கியவர்கள் உட்பட, 28 பேர் இறந்தனர். வழி அடைபட்ட ஆறு, தேங்கித் தேங்கி ஓர் ஏரியாகவே மாறி விட்டது. அதன் பெயர் 'குவேக் லேக்' - அதாவது, நிலநடுக்க ஏரி. இன்றும் அந்த ஏரிக்குள் பட்டுப்போன மரங்கள் மொட்டையாக நிற்பதைப் பார்க்கலாம்.

இறகு எப்படிப் பறக்கும்?

இந்த ஆற்றில் இருக்கும் முக்கியமான மீன், 'டிரவுட்.' குளிர்ந்த, சுத்தமான தண்ணீரில் வாழும் மீன். நம் நீலகிரியிலும் டிரவுட் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன், ஆங்கிலேயர்கள் கொண்டு வந்து விட்டவை. ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள அவலாஞ்சியில் அதற்கென்றே மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைத்தனர். குளிர்ந்த ஓடைகள் இருந்ததால்தான் அங்கே போனது. சென்னை வெயிலில் அதற்கு வேலை இல்லை!

நம் ஊரில் தூண்டில் போடும் அண்ணன்களைக் கவனித்திருப்பீர்கள். முள்ளில் மண்புழுவைக் குத்தி, கொஞ்சம் மேலே ஈயக்குண்டு, அதற்கும் மேலே தக்கை. ஈயக்குண்டின் கனத்தால் நரம்பு தூரமாகப் போய் விழும். தக்கை அமுங்கினால், 'வெடுக்'கென்று ஓர் இழுப்பு!

மேடிசனில் பலர் பிடிப்பது வேறு விதம். அதற்கு, 'ஃப்ளை ஃபிஷிங்' என்று பெயர். மண்புழு கிடையாது, ஈயக்குண்டை வீசுவதும் கிடையாது. இறகு, ரோமம், பட்டு நூல் இவற்றைச் சிறு முள்ளில் சுற்றிச் சுற்றிக் கட்டி, பூச்சியைப் போலவே செய்து விடுகின்றனர். அந்தப் பொய்ப்பூச்சியை நிஜம் என்று நம்பி மீன் கவ்வ வேண்டும். அதுதான் விளையாட்டு.

ஒரு சிக்கல் இருக்கிறது. கோழி இறகு ஒன்றை எடுத்துத் தூக்கி எறிந்து பாருங்கள். இரண்டடி கூடப் போகாது, காலடியிலேயே விழும். பிறகு எப்படி, கனமே இல்லாத பொய்ப்பூச்சியைப் பதினைந்து மீட்டர் தூரத்துக்கு வீச முடியும்?

இப்போது அதே இறகை ஒரு நீளமான கயிற்றின் நுனியில் கட்டி, கயிற்றைச் சாட்டை போல முன்னே வீசிப் பாருங்கள். கயிறு சுருள் பிரிந்து போகும். கூடவே இறகும் போகும். ரகசியம் அதுதான்! ஃப்ளை ஃபிஷிங்கில் கனம் இருப்பது பூச்சியில் இல்லை, கயிற்றில். சுமார் ஒன்பது அடி நீளமுள்ள வளையும் கோலால் அந்தக் கயிற்றைப் பின்னாலும் முன்னாலும் வீசுவர். கோல் கடிகார முள் என்று வைத்துக் கொண்டால், 10 மணிக்கும் ஒரு மணிக்கும் இடையே மட்டும் அசைய வேண்டும். பின்னால் போன கயிறு முழுதாக நீளும் வரை ஒரு நொடி பொறுக்க வேண்டும். பொறுக்காமல் அவசரப்பட்டால் பூச்சி அவர்களுடைய தொப்பியிலேயே மாட்டிக் கொள்ளும்!

கல்லைப் புரட்டு!

நல்ல மீன்காரர் ஆற்றுக்கு வந்ததும் முதலில் தூண்டில் போட மாட்டார். குனிந்து, தண்ணீருக்குள் இருக்கும் ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பார். அடியில் குட்டிக் குட்டியாகப் பூச்சிகள் ஒட்டிக் கொண்டிருக்கும். டிரவுட்டின் சாப்பாட்டுக் கடை அதுதான். இன்றைக்குக் கடையில் என்ன பலகாரம் என்று தெரியாமல், எந்தப் பொய்ப்பூச்சியைக் கட்டுவது?

அங்கே முக்கியமாக மூன்று வகைப் பூச்சிகள். முதலாவது, மேஃப்ளை. தண்ணீருக்குள் மாதக்கணக்கில், சில வகைகள் ஓராண்டுக்கும் மேல் வாழும். இறக்கை முளைத்து வெளியே வந்த பின், ஒன்றிரண்டு நாள்தான் ஆயுள். சாப்பிடுவதற்கு வாய் கூட வேலை செய்யாது. முட்டை இட்டதும் கதை முடிந்தது. நம் ஊர் ஈசலைப் போன்ற பரிதாபமான ஜீவன்!

இரண்டாவது, கேடிஸ். இதன் புழுக்களில் பல, மணலையும், குச்சியையும் தன் வாயில் ஊறும் பட்டு நூலால் ஒட்டி, தனக்கென்று ஒரு குழாய் வீடு கட்டிக் கொள்ளும். போகும் இடமெல்லாம் வீட்டையும் இழுத்துக் கொண்டே போகும்.

மூன்றாவது, ஸ்டோன்ஃப்ளை. அதிலே பெரியது, 'சால்மன்ஃப்ளை.' மூன்று, நான்கு ஆண்டுகள் கல்லுக்கு அடியில் காத்திருந்து, ஜூன் கடைசி, ஜூலைத் தொடக்கத்தில் ஒன்றாகக் கிளம்பி வரும். ஆரஞ்சு நிற வயிறு. நம் சுண்டுவிரல் நீளம். கரையோரப் புதர்கள் எல்லாம் இந்தப் பூச்சிதான். டிரவுட்டுக்குத் தீபாவளி! பெரிய பெரிய மீன்கள் கூட மேலே வந்து வாயைத் திறக்கும்.

மீன் எங்கே நிற்கும்?

ஆறு ஓடிக் கொண்டே இருக்கிறது. அதன் நடுவே நின்றால் மீனுக்குக் களைப்பு. ஒதுங்கியே நின்றால் சாப்பாடு கிடைக்காது. அதனால், கெட்டிக்கார டிரவுட் என்ன செய்யும் தெரியுமா? வேகமாக ஓடும் தண்ணீரும், மெதுவாக ஓடும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் நிற்கும். பெரிய பாறைக்கு முன்னும் பின்னும் நிற்கும். உடம்பு மெதுவான தண்ணீரில்; கண் வேகமான தண்ணீரில். சாப்பாடு மிதந்து வந்ததும், எட்டிப் பிடித்து விட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பி விடும்.

டிரவுட் எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்தே நிற்கும். ஆகவே, மீன்காரர் பின்பக்கமாக, ஆற்றின் கீழிருந்து மேலாக நடந்து வருவார். குனிந்தும் வருவார். ஏன்? தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும், தலைக்கு மேலே ஒரு வட்டமான ஜன்னலுக்குள் சுருங்கித் தெரியும். டம்ளர் தண்ணீரில் போட்ட பென்சில் உடைந்தது போல் தெரிகிறதே, அதே ஒளிவிலகல்தான் காரணம். உயரமாக நின்றால் ஜன்னலுக்குள் நம் தலை தெரிந்து விடும். குனிந்து போனால் ஜன்னலின் ஓரத்தில் வெறும் பட்டையாகத்தான் தெரிவோம்.

இன்னொரு சோதனை. நிஜப்பூச்சி தண்ணீர் ஓடும் வேகத்திலேயே மிதந்து வரும். பொய்ப்பூச்சியோ கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது. கயிறு வேகமான நீரில் மாட்டி இழுத்தால், பூச்சி மோட்டார் படகு போலக் கோடு போட்டுக் கொண்டு ஓடும். 'பூச்சி இப்படி ஓடாதே!' என்று டிரவுட் முகத்தைத் திருப்பிக் கொள்ளும். அதனால், கயிற்றை அடிக்கடி மேல்பக்கமாகத் தூக்கிப் போட்டுத் தளர்த்தி விட வேண்டும். இந்த ஒரு வித்தையைப் பழகவே பல நாள் ஆகும்.

ஆறு யாருக்குச் சொந்தம்?

மேடிசனின் கரையில் பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகள் உண்டு. வேலி போட்ட தனியார் நிலங்கள். 'என் நிலத்துக்குள் ஓடும் ஆற்றில் நீ எப்படி இறங்கலாம்?' என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வது?

மான்டானாவில் இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போனது. டியர்பார்ன், பீவர்ஹெட் என்ற இரண்டு ஆறுகளைப் பற்றிய வழக்குகளில், 1984ல் மாநில உச்ச நீதிமன்றம், மக்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. அடுத்த ஆண்டே, 1985ல், அதற்காகத் தனிச் சட்டமும் வந்தது. அதன்படி, வழக்கமாக வெள்ளம் ஏறும் உயரத்துக்குள், ஆற்றோடு நடந்து யார் வேண்டுமானாலும் போகலாம், மீன் பிடிக்கலாம். ஆனால், ஆற்றை அடைவதற்காக அடுத்தவர் நிலத்தை அனுமதி இல்லாமல் மிதிக்கக் கூடாது. பாலத்தின் ஓரமாகவோ, அரசு அமைத்துள்ள இறங்குதுறைகள் வழியாகவோதான் இறங்க வேண்டும். மாநிலம் முழுவதும் இப்படி 300க்கும் மேற்பட்ட இறங்குதுறைகள் உள்ளன.

மேடிசன் கரையில் உள்ள ஓர் இடத்தின் பெயர், 'மூன்று டாலர் பாலம்.' ஒரு காலத்தில் அங்கே வண்டியை நிறுத்த நிலத்துக்காரர் மூன்று டாலர் வாங்கியதால் வந்த பெயர். இப்போது அது பொது இடம். டாலர் போய் விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக் கொண்டது!

காலை வைக்கும் முன்...

குவேக் லேக்கிலிருந்து என்னிஸ் என்ற ஊர் வரை, மேடிசன் இடைவிடாமல் சலசலத்தபடி கற்களின் மேல் ஓடுகிறது. அங்குள்ளவர்கள் அதை, '50 மைல் சலசலப்பு' என்று சொல்வர். பார்க்க முழங்கால் ஆழம்தான். ஆனால், கற்கள் பாசி படிந்து வழுக்கும். வேகம் காலைப் பிடுங்கும். அதனால், அனுபவசாலிகள் கூட ஊன்றுகோலுடன்தான் இறங்குவர். தனியாக இறங்குவதில்லை.

பிற்பகலில் திடீரென்று காற்றும், இடியும் வருவது அங்கே வழக்கம். தூண்டில் கோல் கார்பன் இழையால் ஆனது, மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. வானம் இருண்டதும் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுவதுதான் புத்திசாலித்தனம். கரடிகள் நடமாடும் பகுதி என்பதால் இடுப்பில் கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பானும் இருக்கும்.

ஏன் 2:00 மணி?

சரி, நம் கேள்விக்கு வருவோம்.

மீனும் மூச்சு விட வேண்டும் அல்லவா? தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத்தான் அது செவுள் வழியாக எடுத்துக் கொள்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லி கிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 25 டிகிரியில் 8 மில்லி கிராம்தான். அதே நேரம், சூட்டில் மீனின் உடம்புக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது. 20 டிகிரியைத் தாண்டினாலே டிரவுட் திணற ஆரம்பித்து விடும்.

அந்த நேரத்தில் அதைத் தூண்டிலில் மாட்டி, இழுத்து, களைக்க வைத்தால்? திரும்ப ஆற்றில் விட்டால் கூடப் பிழைக்காமல் போகலாம். அதனால்தான், மூன்று நாள் தொடர்ந்து தண்ணீரின் சூடு 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 டிகிரி செல்சியசைத் தொட்டால், பொதுவாக மதியம் 2:00 மணி முதல் நள்ளிரவு வரை மீன் பிடிக்கத் தடை போடுகின்றனர். இரவெல்லாம் குளிர்ந்த ஆறு, விடியற்காலையில்தான் மீனுக்குச் சுகமாக இருக்கும். ஆகவே, காலையில் மட்டும் அனுமதி.

இந்தத் தடைக்கு, 'ஆந்தை அலறும் நேரம்' என்று செல்லப் பெயர். முற்காலத்தில் மரம் வெட்டுபவர்கள், கோடையில் காட்டுத் தீ பயத்தால் விடியும் முன்பே வேலைக்குப் போவார்களாம். அப்போது ஆந்தைச் சத்தம் கேட்குமாம். அதிலிருந்து வந்த பெயர்.

நிலைமை மோசமானால் ஆற்றை முழுவதுமாகவே மூடுவதும் உண்டு. 2016, ஆகஸ்டில், பக்கத்து எல்லோஸ்டோன் ஆற்றில் ஓர் ஒட்டுண்ணி நோயால் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. வெப்பமும், குறைந்த தண்ணீரும் நோயை முற்ற வைத்தன. சுமார் 295 கி.மீ., நீளத்துக்கு மீன் பிடிப்பது மட்டுமல்ல, படகு, நீச்சல் எல்லாமே நிறுத்தப்பட்டன. மேடிசனையும் நோய் விடவில்லை. 1994ல் அங்கே, 'சுழலும் நோய்' கண்டுபிடிக்கப்பட்டது. நோய் கண்ட குஞ்சுகள், தம் வாலையே துரத்துவது போலச் சுற்றிச் சுற்றி வந்து செத்துப் போகும். ரெயின்போ டிரவுட்கள் பெருமளவு அழிந்தன. மெல்ல மெல்லத்தான் மீண்டன. நோய்க்கிருமி சேற்றோடு பரவும். எனவேதான், ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும் முன், காலணியையும், உடையையும் கழுவிக் காயவைக்க வேண்டும் என்று அங்கே வலியுறுத்துகின்றனர்.

வாளிகளோடு வந்த கூட்டம்

2021, நவம்பர் 30ம் தேதி. மேடிசனின் குறுக்கே உள்ள ஹெப்கன் அணையில், தண்ணீர் திறக்கும் மதகின் ஒரு பாகம் அதிகாலையில் உடைந்து போனது. கீழே ஓடும் தண்ணீர், திடீரெனப் பாதிக்கும் கீழே குறைந்து விட்டது.

அது, பிரவுன் டிரவுட் முட்டையிட்டு முடித்த காலம். கூழாங்கற்களுக்கு அடியில் லட்சக்கணக்கான முட்டைகள். தண்ணீர் வடிந்ததும் அவை வெளியே தெரிய ஆரம்பித்தன. கிளை வாய்க்கால்களில் சிறு மீன்களும், பெரிய மீன்களும் குட்டைகளில் மாட்டிக் கொண்டு துடித்தன.

செய்தி பரவியதும் என்ன நடந்தது தெரியுமா? சுற்று வட்டாரத்து மக்கள், வழிகாட்டிகள், மீன் பிடிப்பவர்கள் எல்லாரும் வாளியும், வலையுமாக ஓடி வந்தனர். நேற்று வரை மீனைப் பிடிப்பதற்காக ஆற்றில் நின்றவர்கள், குட்டையில் கிடந்த மீன்களை வாளியில் அள்ளி அள்ளி, தண்ணீர் ஓடும் இடத்தில் விட்டனர். சில நாட்களுக்குள் மதகு சரி செய்யப்பட்டு, தண்ணீர் மீண்டும் வந்தது. எல்லா மீன்களையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால், அந்த மக்கள் வராமல் போயிருந்தால், இன்னும் பல மீன்கள் செத்திருக்கும்.

ஒரு நியாயமான கேள்வி

'திரும்ப விடுவதற்கு எதற்காகப் பிடிக்க வேண்டும்? மீனுக்கு வலிக்காதா?' என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. இதைப் பெரியவர்களும் கேட்கின்றனர். 'மீன் நம் விளையாட்டுப் பொருள் அல்ல' என்பது ஒரு கட்சி. 'ஆற்றில் இறங்கி நிற்பவனுக்குத்தான் ஆறு நோயாகக் கிடப்பது முதலில் தெரியும். வாளியோடு ஓடி வந்தது யார்?' என்பது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சிக்கும் நடுவே, சில ஒழுங்குகளை அங்கே கடைப்பிடிக்கின்றனர். எல்லோஸ்டோன் பூங்காவுக்குள், நுனியில் எதிர்ப்பக்கம் நீட்டிக் கொண்டிருக்கும் கூர் நசுக்கப்பட்ட முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும். அப்போதுதான் காயம் பெரிதாகாமல் எளிதாகக் கழற்ற முடியும். ஈயத்துக்கும் அங்கே தடை. மீனைத் தொடும் முன் கையை நனைத்துக் கொள்வர். காய்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்புப் படலம் உரிந்து விடும். மீனை வெளியே தூக்க நேர்ந்தால், தாங்களும் மூச்சைப் பிடித்துக் கொள்வர். தனக்கு எப்போது மூச்சு முட்டுகிறதோ, அதற்கு வெகு முன்பே மீனுக்கும் முட்டியிருக்கும் அல்லவா?

எல்லாம் செய்தும் கவலை தீரவில்லை. 2023ல், அதே வட்டாரத்தில் உள்ள பிக் ஹோல் ஆற்றில், பிரவுன் டிரவுட் எண்ணிக்கை மிகவும் குறைந்து போனது கண்டுபிடிக்கப்பட்டது. காரணங்களை இன்னும் ஆராய்ந்து வருகின்றனர்.

குட்டீஸ், நம் ஊர் ஆற்றிலோ, கண்மாயிலோ டிரவுட் இல்லை. ஆனால், கெண்டையும், கெளுத்தியும் இருக்கின்றன. அவற்றுக்கும் மூச்சு விடத் தண்ணீரில் ஆக்சிஜன் வேண்டும். அடுத்த முறை பெரியவர்களோடு ஆற்றங்கரைக்குப் போகும்போது, ஓரமாக உட்கார்ந்து ஒரு கல்லை மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். அடியில் பூச்சிகள் நெளிந்தால், அந்தத் தண்ணீரில் இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பார்த்து முடித்ததும், கல்லைப் பழையபடியே வைத்து விடுங்கள். அது ஒருவருடைய வீடு!